கொடுத்தவர் கணக்கும் உழைத்தவர் கணக்கும்

ஒக்டோபர் 30 மலையகத்தின் நாட்காட்டியில் இரண்டு முறை குறிக்கப்பட வேண்டிய நாள். 1964இல் அந்த நாளில்தான் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர்; இலங்கைக்கு 3 இலட்சம் பேர்; மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். அவர்களையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரியாக 35 ஆண்டுகள் கழித்து, 1999இல் அதே ஒக்டோபர் 30இல், சௌமியமூர்த்தி தொண்டமான் காலமானார்.

அவரைப் பற்றி எழுதப்பட்ட பெரும்பாலானவற்றில் ஒரே வாக்கியம் வேறு வேறு உடையில் வருகிறது: ‘நாடற்றிருந்த மக்களுக்குப் பிரஜாவுரிமை பெற்றுக் கொடுத்தவர்.’ இந்தக் ‘கொடுத்தவர்’ என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. தொண்டமானின் ஆற்றலை மறுப்பது என் நோக்கமல்ல. மறுத்தால் அது பொய்யாகிவிடும். ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தின் நூறாண்டுப் போராட்டத்தை ஒரு மனிதரின் தர்மக் கணக்கில் வரவு வைப்பதும் பொய்தான்.

அவருடைய வாழ்வே வியப்பானது. 1913இல் தமிழகத்தில் பிறந்தவர். தந்தையார் கருப்பையா இலங்கைக்கு வந்து உழைத்துக் கங்காணியாகி, இறம்பொடைப் பக்கத்து வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். தோட்ட உரிமையாளரின் மகன் தோட்டத் தொழிலாளரின் தலைவரானார். இதை ஏளனமாகச் சொல்வோரும் உண்டு. எனக்கு அதில் ஏளனம் இல்லை. துரைமாரோடு நேருக்கு நேர் பேசும் தெம்பு அவருக்கு அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அவர் வருவதற்கு முன்பே களம் உழப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோ. நடேசய்யர் 1931இலேயே அட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மை தோட்டம் தோட்டமாகப் பாடிச் சென்றார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். 1977 மே மாதம் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்களில் யாருக்கு ‘கொடுத்தவர்’ என்ற பட்டம் கிடைத்தது?

இனி நம் பக்கம் வருகிறேன். நம்மவர்களிடம் ‘அஸீஸ்’ என்று சொன்னால் உடனே நினைவுக்கு வருபவர் ஸாஹிராக் கல்லூரி அதிபராயிருந்த கல்விமான் ஏ.எம்.ஏ. அஸீஸ். தகுதியான நினைவு, குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அதே காலத்தில் இன்னோர் அஸீஸ் இருந்தார். அப்துல் அஸீஸ். குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். 1939இல் ஜவஹர்லால் நேருவின் வருகையோடு உருவான இலங்கை இந்திய காங்கிரஸின் தலைவர் பதவியைத் தொண்டமானும் வகித்தார், அவரும் வகித்தார். மஸ்கெலியாவின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் இருந்தார். 1956இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற தனிச் சங்கத்தை அமைத்தார். 1970இல் நியமன உறுப்பினராக மீண்டும் சபைக்குச் சென்றார். 1990இல் மறைந்தார்.

மாரியம்மனுக்குத் தேர் இழுக்கும் தொழிலாளர், பெயரைப் பார்த்து இவர் யார் என்று கேட்காமல் சந்தா கட்டிச் சங்கத்தில் சேர்ந்தார்கள். கொழுந்துக் கூடையின் பாரம் எல்லா முதுகிலும் ஒன்றுதான் என்பதை அறிந்தவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. மதத்தை வைத்து வாக்கு எண்ணும் இந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய சாட்சியம்! ஆனால் மலையக இலக்கியக்காரர் பலருக்கு அஸீஸ், தொண்டமான் கதையில் பிரிந்துபோன ஒரு துணைப் பாத்திரம். முஸ்லிம் எழுத்துலகிலோ அந்தப் பாத்திரம்கூட இல்லை. சமூக வரலாறு எழுதும் நம் பேனாக்கள் கல்விமான்களையும் வர்த்தகப் பிரமுகர்களையும் தேடிப் போகின்றன. லயத்து வாசலில் நின்ற ஒரு தொழிற்சங்கவாதியிடம் போக அவற்றுக்குக் கால் வரவில்லை.

1949இன் 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்: ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் (பிரஜாவுரிமை) சட்டம்.’ 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வாசலை அடைத்தது. இந்தச் சட்டம் ஒரு சின்னச் சாளரத்தைத் திறந்துவிட்டு அதற்கும் கம்பி போட்டது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின; ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே உரிமை கிடைத்தது. அந்தக் கம்பிக்கு வெளியே நின்றவர்களில் குடிசனக் கணக்கெடுப்பு ‘இந்தியச் சோனகர்’ என்று எழுதிக்கொண்ட நம்மவர்களும் உண்டு. ‘கள்ளத்தோணி’ என்ற வசை சாதி, சமயம் பார்த்து விழவில்லை. அப்படியிருக்க, ‘அது தோட்டக்காட்டார் பிரச்சினை’ என்று ஒதுங்கி நிற்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

“தொண்டமான் இல்லையென்றால் 1986இன் சட்டமும் 1988இன் சட்டமும் வந்திருக்குமா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே பதில் சொல்வோம். 1984 ஏப்ரலில் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் ஸ்தம்பித்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் அதன்பிறகே வந்தது. 1986 ஜனவரியில் பிரார்த்தனை இயக்கம் என்ற பெயரில் மக்கள் மலைக்குப் போகாமல் கோயில்களில் அமர்ந்தார்கள். வேலைநிறுத்தம் என்று சொல்லாத வேலைநிறுத்தம் அது. வடக்கில் போர், தேயிலையின் அந்நியச் செலாவணி அரசுக்கு உயிர்மூச்சு, புதுடில்லியின் நெருக்குதல் வேறு. இந்த மூன்றும் கூடிய வேளையில் கொழுந்து பறிக்கும் கை நின்றது. அரசு அசைந்தது. 94,000 நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்க வழி பிறந்தது. எந்த நேரத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருந்தது தொண்டமானின் அரிய சாமர்த்தியம். ஆனால் தட்டிய கைக்குப் பலம் எங்கிருந்து வந்தது? அன்று மலைக்குப் போகாமல் இருந்த பெண்ணிடமிருந்து. அவளுடைய பெயர் எந்த மண்டபத்திலும் இல்லை.

விலையும் இருந்தது. 1978இல் அமைச்சரவையில் சேர்ந்தவர் நான்கு ஜனாதிபதிகளைக் கண்டு, மறையும்வரை அமைச்சராகவே இருந்தார். 1983 ஜூலையிலும் இருந்தார். உள்ளே இருந்ததால் சில காரியங்கள் நடந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாக் காரியமும் ஒருவர் வழியாகவே நடக்க வேண்டும் என்ற பழக்கமும் அத்தோடு வேரூன்றியது. தொழிலாளி சங்க உறுப்பினராக இருந்த நிலை மாறி மனுதாரர் ஆனார். சங்கம் அமைச்சரின் வாசலாயிற்று. பேரன் ஆறுமுகன் 2020 மே மாதம் மறைந்ததும், அதே ஆண்டுத் தேர்தலில் அவர் மகன் ஜீவன் பாராளுமன்றம் சென்றார். கொள்ளுப்பேரன் அரசியலுக்கு வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கொழுந்து பறிப்பவரின் கொள்ளுப்பேத்திக்கு அந்த நாற்காலி ஏன் எட்டவில்லை என்பதே கேள்வி.

நன்றியுணர்ச்சி நல்ல குணம். ஆனால் வரலாறு எழுதும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது. பிரஜாவுரிமை ஒருவர் கொடுத்தது என்று நம்பும் பிள்ளை, நாளை காணியையும் வீட்டு உறுதியையும் ஒருவர் கொடுப்பார் என்று காத்திருக்கும். இந்த மக்கள் மலையேறிய வரலாற்றின் 200 ஆண்டு நிறைவை 2023இல் மேடை போட்டுக் கொண்டாடினோம். மேடை கலைந்த பின்னும் பல குடும்பங்கள் அதே லயத்துக் காம்பிராவுக்குத்தான் திரும்பின, தம் பெயரில் ஒரு துண்டு நில உறுதியும் இல்லாமல்.

ஆகவே நம் எழுத்தாளர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். அட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் இன்னும் உயிரோடிருக்கும் பழைய தோட்டத் தலைவர்களையும் தலைவிகளையும் தேடிப் போங்கள். 1984ஐயும் 1986ஐயும் அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுதுங்கள். அப்துல் அஸீஸின் வாழ்க்கையைத் தமிழில் முழுமையாக எழுத ஒருவராவது முன்வாருங்கள். அவர் முஸ்லிம் என்பதற்காக வேண்டாம். அந்தக் கணக்கில் நாம் எழுதினால் நாமும் இன்னொரு ‘கொடுத்தவரை’ உண்டாக்குவோம். சந்தா கட்டிய ஆயிரமாயிரம் பேரோடு சேர்த்து அவரை எழுதுங்கள். அந்த வரிசையில் தொண்டமானுக்கும் உரிய இடம் கிடைக்கும். அது பெரிய இடமாகவே இருக்கும். ஆனால் வரிசைக்குள் இருக்கும்.