விழுந்தால் விழட்டும்!

வாட்ஸ்அப்பில் 'சாப்டாச்சா?' என்று தட்டி அனுப்புகிறீர்கள். ஒரு டிக் விழுகிறது. அடுத்த நொடியே இரண்டாவது டிக். நடுவில் அந்தச் செய்தியை வாங்கிக் கைமாற்றிவிடும் சர்வரின் நிரல், எர்லாங் என்ற மொழியில் எழுதப்பட்டது. 2012-லேயே ஒரே ஒரு சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது வாட்ஸ்அப். இத்தனைக்கும் எர்லாங் செல்போனுக்காகப் பிறந்த மொழியே இல்லை.

1986-ல் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவன ஆய்வகத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங் இதைத் தொடங்கினார். ராபர்ட் விர்டிங்கும் மைக் வில்லியம்ஸும் கூடச் சேர்ந்தார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பேசுவார்கள். ஒரு அழைப்பில் கோளாறு வந்தால் அது மட்டும்தான் அறுபட வேண்டும். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற நம் வீட்டு வைத்தியம் அங்கே செல்லாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவரும் அதே எக்ஸ்சேஞ்சில்தான் இருப்பார்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குட்டி 'ப்ராசஸ்' என்று பிரித்துவிட்டார்கள். சில கிலோபைட் நினைவகம் போதும் என்பதால், ஒரே கணினியில் லட்சக்கணக்கில் ஓடும். ஒன்றின் அறைக்குள் மற்றது நுழைய முடியாது. ஏதாவது வேண்டுமென்றால் சீட்டு எழுதி அதன் தபால்பெட்டியில் போட வேண்டும். அது தன் நேரத்துக்கு எடுத்துப் படிக்கும். பொதுவான அடுப்படி இருந்தால்தானே, ஒருவர் உப்புப் போட்டது தெரியாமல் இன்னொருவரும் போட்டு சாம்பார் கெடும்? 'ஃபங்ஷனல்' மொழி என்பதால், ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பைப் பிறகு மாற்றவும் முடியாது.

தவறு நடந்தால்? இங்கேதான் ஆம்ஸ்ட்ராங் மற்றவர்களிடமிருந்து விலகுகிறார். முட்டுக்கொடுத்து நிறுத்தாதே, விழுந்தால் விழட்டும் என்கிறார். மேலே 'சூப்பர்வைசர்' என்றொரு ப்ராசஸ் இருக்கிறது. விழுந்ததைப் பார்த்ததும் அது புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடும். பக்கத்து அழைப்பில் பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

எர்லாங்கில் எழுதியதை 'கம்பைல்' செய்தால், வரும் கோப்பு லினக்ஸ், விண்டோஸ், மேக் எதிலும் ஓடும். 'பீம்' என்ற மெய்நிகர் எந்திரம் அங்கே இருந்தால் போதும். சி மொழியில் எழுதிய நிரலின் உதவி தேவைப்படும்போதுதான் சிக்கல். அதைத் திண்ணையிலேயே உட்காரவைத்து, 'போர்ட்' என்ற குழாய் வழியாகப் பேசுவது ஒரு வழி. அது செத்தாலும் உள்ளே சேதி மட்டும்தான் வரும். வேகத்துக்காக வீட்டுக்குள்ளேயே கூட்டிவந்தால், அது விழும்போது மொத்த வீடும் விழும். போதாக்குறைக்கு, விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என்று அதைத் தனித்தனியாகக் கம்பைல் செய்யவும் வேண்டும். அவசரக்காரர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இவ்வளவு இருந்தும், 1998-ல் எரிக்சனின் ரேடியோ பிரிவு, புதிய தயாரிப்புகளில் எர்லாங் கூடாது என்று தடை போட்டது. சொந்த மொழியைக் கட்டி மேய்ப்பதைவிட ஊர் முழுக்கப் புழங்கும் மொழியே மேல் என்பது அவர்கள் கணக்கு. அந்த டிசம்பரிலேயே எர்லாங், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாக வெளியானது. ஆம்ஸ்ட்ராங்கும் சகாக்களும் வெளியேறினார்கள். வாசலைத் தாண்டிய பிறகுதான் அது உலகத்துக்குக் கிடைத்தது. வாட்ஸ்அப்புக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

2004-ல் ஆம்ஸ்ட்ராங்கை எரிக்சன் மறுபடியும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது.