தவளையின் ஆபீஸ் டைம்

சேலத்திலிருந்து ஏற்காடு போக 20 கொண்டை ஊசி வளைவுகள். இருபதிலும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே, பின் சீட் நண்பனுக்குத் தெரியாமலிருக்க உரக்கப் பாட்டுப் பாடிப் பைக் ஓட்டிய வீரன் நான்.

கிளியூர் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்து, மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் சருகுகள் துள்ள ஆரம்பித்தன.

"காத்து ஜாஸ்திடா" என்றேன்.

"சருகுக்குக் கண்ணு இருக்குடா!" என்று அலறினான் நண்பன்.

அத்தனையும் தவளை, தேரை! வெளிச்சம் பட்டதும் ஓடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டன. நான் பிரேக் போடுவதற்குள் 'பொத்'தென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் எனக்குப் பாட்டு வரவில்லை.

டீக்கடைப் பெரியவரிடம் புலம்பினேன். "நீங்க வீட்டுக்கும் ஆபீசுக்கும் அலையலையா தம்பி? அதுக்கும் அப்படித்தான். புல்லுல வேலை, தண்ணியில பிரசவம். நடுவுல ரோட்டைப் போட்டது நாமதானே?" என்றார்.

நமக்கு பி.காம். மூளை. உடனே கணக்குப் போட்டது. ஒரு பெண் தேரை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குளத்துக்குக் கிளம்பியவள் நசுங்கினால் ஒரு உருப்படியா நஷ்டம்? வரவேண்டிய வரவு மொத்தமும் போச்சு!

கர்நாடகாவில் ஷராவதி ஆற்றுப் பகுதி ரோடுகளில் 2007 ஜூலையில் ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். அடிபட்டுக் கிடந்தவை 144. அதில் 13 இனங்கள்.

சாகாமல் தப்பியவற்றுக்கும் கஷ்டம்தான். ரோடு குறுக்கே போனால் ஒரே புல்வெளி இரண்டு தீவாகிவிடுகிறது. இந்தப் பக்கத்துப் பையனுக்கு அந்தப் பக்கம் பெண் கிடைக்காது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம், வம்சம் நோஞ்சானாகும். ஒரு பக்கத்துக் குளம் வற்றி அங்கே கூண்டோடு அழிந்தால், மறுபடி குடியேற எதிர்ப்பக்கத்திலிருந்து ஆள் வர வழியில்லை.

யானை, சிறுத்தை என்றால் பேச ஆள் உண்டு. திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றமே 2022-ல் கட்டுப்பாடு போட்டது. தவளைக்கு யார் கேஸ் போடுவது? அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில், தவளைக்கு ஒன்றுவிட்ட சொந்தமான சாலமாண்டருக்காக 1987-லேயே ரோட்டுக்கு அடியில் சின்னச் சின்ன சுரங்கம் வைத்தார்கள்.

நாம் சுரங்கமெல்லாம் தோண்ட வேண்டாம் சார். மழைக்கால ராத்திரியில் மலை ரோட்டில் போகாமல் இருந்தால் உத்தமம். போயே ஆகவேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்த முடிகிற வேகம் போதும்.

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். நண்பன் டார்ச்சோடு முன்னால் நடக்க, நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு பின்னால். எங்களுக்குப் பின்னால் ஒரு கார் ஓயாமல் ஹார்ன் அடித்தது. கண்ணாடி இறங்கியது.

"என்னய்யா, சாமி ஊர்வலமா?"

"இல்ல சார்... ஆபீஸ் விடுற நேரம்!"