சாட்டையடிக் கழுத்து

நின்றிருக்கும் மோட்டார் மீது பின்னாலிருந்து மற்றொன்று மோதினால், உடல் ஆசனத்தோடு முன்னே தள்ளப்படும். தலையோ ஒரு கணம் பின்தங்கிப் பிறகு முன்னே வீசப்படும். 1928-ல் அமெரிக்க வைத்தியர் ஹரால்டு குரோ இவ்வசைவைச் சாட்டை வீச்சுக்கு ஒப்பிட்டார். வலி மறுநாள்தான் தலைகாட்டினும் காட்டும். எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதைக் கொண்டு 'பாசாங்கு' என்று வீட்டார் முணுமுணுப்பது அநியாயம்!

கழுத்துப்பட்டை அணிந்து அசையாதிருப்பதே சிகிச்சை என்று நாமும் நம்பியிருந்தோம். கனடாவின் கியூபெக் நிபுணர் குழு 1995-ல் வேறுவிதமாகக் கூறிற்று: எலும்பு முறிவில்லை, நரம்புக்குச் சேதமில்லை என்று வைத்தியர் உறுதி சொன்னபின், கழுத்தை மெல்ல அசைத்து அன்றாட அலுவலுக்குச் சீக்கிரம் திரும்புவதே நலம். கை மரத்தாலோ, பலம் குன்றினாலோ வைத்தியரிடம் உடனே ஓட வேண்டும்.

ஆசனத்தின் தலைத்தாங்கி உறங்குவதற்கன்று. அதன் உச்சி நம் தலையுச்சிக்குச் சமமாக இருக்கிறதா என்று நேயர்கள் இன்றே பார்ப்பார்களாக.