நம் அயலார் யார்?

தவக்காலம் வந்தால் நாம் அரிசி சேர்க்கிறோம். பழைய துணிகள் சேர்க்கிறோம். கிறிஸ்மஸ் வந்தால் முதியோர் இல்லத்திற்குச் சென்று பாட்டுப் பாடி, பழமும் ரொட்டியும் கொடுத்துத் திரும்புகிறோம். இவை நல்ல பழக்கங்கள், விட்டுவிடக் கூடாதவை. ஆனால் திரும்பும் வழியில், "இன்று சேவை செய்துவிட்டோம்" என்று நம் உள்ளத்தில் ஒரு நிறைவு எழுகிறதே, அதைப் பற்றித்தான் இங்கே சற்றுச் சிந்திக்க விரும்புகிறோம்.

நல்ல சமாரியன் உவமையை அறியாதவர் நம்மில் இல்லை. எரிகோவுக்குச் செல்லும் வழியில் கள்வர் கையில் அகப்பட்ட ஒருவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். குரு ஒருவரும் லேவியர் ஒருவரும் கண்டும் விலகிப் போகின்றனர். இருவரும் வேதம் கற்றவர்கள். ஆலயப் பணிக்கு உரியவர்கள். நின்று காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவையும் ஏற்றவனோ யூதர்கள் இழிவாக எண்ணிய சமாரியன். கேட்டிருந்தவர்களுக்கு இது எவ்வளவு கசந்திருக்கும்! நம்மவர் என்று எண்ணியவர்கள் தவறினார்கள். அந்நியன் என்று ஒதுக்கப்பட்டவனே இறைவனின் உள்ளத்தைப் புரிந்துகொண்டான்.

இதற்கு உதாரணம் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் மதுரையில் வாழ்ந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி கிறிஸ்தவர் அல்லர்; ஸ்ரீ அரவிந்தரின் வழியைப் பின்பற்றியவர். இளம் வயதிலேயே மூட்டுவாத நோய் அவருடைய விரல்களை முடக்கிற்று. மனம் தளராமல் கண் மருத்துவம் பயின்று, கோணிய அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தி பிடிக்கப் பழகினார். 1976-இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், குடும்பத்தாரின் துணையுடன் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமங்களில் முகாம் நடத்தி, கண்புரையால் பார்வையிழந்த ஏழைகளை அழைத்து வந்து ஒளி கொடுத்தனர். இயன்றவர் கட்டணம் தருவார், இயலாதவருக்கு இலவசம். 2006-இல் அவர் மறைந்தார். பணி தொடர்ந்து நடக்கிறது. ஓய்வுக்காலத்தை இப்படிச் செலவிட்ட அவரிடம் கிறிஸ்தவராகிய நாம் கற்க ஒன்றுமில்லையா?

அப்படியானால் ஜெபமும் திருப்பலியும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1997-இல் மறைந்து, 2016-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அன்னை தெரசா நாள்தோறும் திருப்பலியில் பங்குகொண்ட பிறகே கல்கத்தாத் தெருக்களுக்குச் சென்றார். நற்கருணையில் கண்ட இயேசுவையே சாகக் கிடந்தவரிடமும் கண்டார். ஜெபம் நம் கண்களைத் திறக்கிறது. சேவை நம் செருக்கைக் கரைக்கிறது. பெறுபவரைவிடக் கொடுப்பவரையே அது அதிகமாக மாற்றுகிறது. சேவையின் ஆன்மீகப் பயன் இதுவே என்பது நம் கருத்து.

இனி நம்மையே கேட்டுப் பார்ப்போம். காலையில் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு எழுந்து வகுப்புக்கு வருகிறோம். காய்ச்சலில் ஒரு வாரம் வராதிருந்த தோழி, தேர்வுக்கு முந்திய நாள் நோட்டுப் புத்தகம் கேட்கிறாள். "வீட்டில் வைத்துவிட்டேன்" என்று சொல்லிப் பைக்குள் ஒளித்து வைக்கிறோம். அவள் நம்மைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கிவிட்டால்? விலகிப் போன குருவுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? நாம் சிந்தும் குப்பையை நாள்தோறும் கூட்டும் ஆயாவின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டிலே எல்லோரும் உண்டபின் தனியே அமர்ந்து உண்ணும் அம்மாவுக்கு, ஒருநாளாவது நாம் பரிமாறியதுண்டா?

முதியோர் இல்லத்தில் நம்மைப் பாராட்ட ஆள் உண்டு. படம் எடுக்கவும் ஆள் உண்டு. இங்கே யாரும் பார்ப்பதில்லை. ஆகவே இதுதான் கடினம். நம்மை மாற்றுவதும் இதுவே.

வருகிற தவக்காலத்திலும் அரிசி சேர்ப்போம். அதற்கு முன், நாளைக் காலையிலேயே, அந்த நோட்டுப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துத் தோழியிடம் கொடுப்போம். ஆயாவிடம் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.