பெண் ஆராய்ச்சிக்குப் போகிறாளா?

"எம்.எஸ்ஸி. முடிச்சாச்சு, இன்னும் என்னடி படிப்பு? ராத்திரி பத்து மணி வரைக்கும் லேபிலே அப்படி என்ன வேலை?"

பெண் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்துவிட்டால் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. கேட்கிற தாயாரைக் குறை சொல்ல முடியாது. கல்லூரி வரையில் வகுப்பு, பரீட்சை, மார்க் என்று எல்லாம் நமக்குப் பழகிய சமாச்சாரம். ஆராய்ச்சியில் பாடப் புத்தகமே கிடையாது. ‘கைடு’ என்று சொல்லும் வழிகாட்டிப் பேராசிரியரை நம்பித்தான் எல்லாம். நாலைந்து வருஷம் நம் குழந்தையின் உழைப்பும், பெயரும், சில சமயம் உடம்பும்கூட அவர் பொறுப்பில் இருக்கின்றன. வரன் பார்க்கும்போது ஏழு தெரு விசாரிக்கும் நாம், கைடு எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை விசாரிக்கிறோமா?

ஒளியைப் பற்றி ஆராயும் மூன்று ஆய்வுக்கூடங்களில் நடந்ததைச் சொல்கிறேன். அப்புறம் நீங்களே யோசித்துப் பாருங்கள்.

டோனா ஸ்ட்ரிக்லண்ட் கனடா நாட்டுப் பெண். டாக்டர் பட்டத்துக்காக அமெரிக்காவில் உள்ள ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஜெரார் மூரூ என்ற பிரெஞ்சுக்காரர் அவருக்கு வழிகாட்டி. லேசர் ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாக்கி பலப்படுத்தும்போது ஒரு சங்கடம் இருந்தது. பலம் ஏற ஏற, அந்த ஒளியே கருவியைச் சேதப்படுத்திவிடும். ஆசிரியரும் மாணவியும் கண்ட வழி நமக்குச் சுலபமாகப் புரியும். கோயில் வாசலில் கூட்டம் ஒரேயடியாக முட்டினால் கதவு தாங்குமா? வரிசையாக நீட்டி உள்ளே விட்டு, எல்லோரும் பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் மறுபடி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதுபோல ஒளித்துடிப்பை ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழையில் அனுப்பி நீட்டினார்கள்; பிறகு பலப்படுத்தினார்கள்; கடைசியில் மறுபடி சுருக்கினார்கள்.

1985-ல் கட்டுரை வெளிவந்தபோது ஸ்ட்ரிக்லண்டுக்கு வயது 26. அதுதான் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை. அதில் மாணவியின் பெயர் முதலில், ஆசிரியர் பெயர் அடுத்தபடியாக! 33 வருஷம் கழித்து, 2018-ல், பௌதிகத்துக்கான நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. 1903-ல் மேரி கியூரி, 1963-ல் மரியா கோப்பெர்ட் மேயர், அதற்குப் பிறகு அந்தப் பரிசைப் பெற்ற பெண் இவர்தான். உழைத்தவள் பெயர் அன்றைக்கே அச்சில் ஏறியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அன்னா மாணி, 1918-ல் பீருமேட்டில் பிறந்தவர். 1940-ல் உதவித்தொகை பெற்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஸர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் உமிழும் ஒளிதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு படம் பதிவாகப் பதினைந்து, இருபது மணி நேரம்கூட ஆகுமாம். பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்திருக்கின்றன. தனியாகவே ஐந்து கட்டுரைகள் எழுதினார். 1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார். "உங்களிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையே" என்று காரணம் காட்டி டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள்! உலகப் புகழ் பெற்ற ஆசிரியர், அசாத்திய உழைப்பு, இரண்டும் இருந்தும் ஒரு விதி குறுக்கே நின்றுவிட்டது. அவர் மனம் தளரவில்லை. இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்து, 1948-ல் திரும்பி, வானிலைத் துறையின் உயர் பதவிவரை வளர்ந்தார். ஆனாலும் அந்தப் பட்டம் போனது போனதுதானே!

மூன்றாவது, கண்ணைப் பற்றியது. மூரூ பிற்பாடு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே 1993-ல் ஓர் ஆராய்ச்சி மாணவர், கருவியைச் சரிசெய்யும் வேளையில் பாதுகாப்புக் கண்ணாடியைச் சற்றே தூக்கினார். லேசர் ஒளி கண்ணில் பாய்ந்துவிட்டது! பரிசோதித்த இளம் டாக்டர் ரான் கர்ட்ஸ் அதிசயித்தார். காயம் ஊசிமுனைபோல் அத்தனை சுத்தமாக இருந்தது; சுற்றிலும் சேதமில்லை. அந்த வியப்பிலிருந்து வளர்ந்ததுதான், கத்தியில்லாமல் லேசரால் கருவிழியைக் கீறும் சிகிச்சை. இன்றைக்குப் பலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்க உதவுவது இதுதான். மாணவருக்குப் பார்வை தப்பியது. அது தெய்வாதீனம். எல்லோருக்கும் அப்படித் தப்பும் என்று இருக்க முடியுமா?

ஆகவே, பெண்ணோ பிள்ளையோ ஆராய்ச்சியில் சேருமுன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கைடிடம் முன்பு படித்தவர்கள் பட்டம் வாங்கப் பொதுவாக எத்தனை வருஷமாயிற்று? கட்டுரைகளில் மாணவர் பெயர் எந்த இடத்தில் வருகிறது? பதிவு, தகுதி, உதவித்தொகை விதிகளை எழுத்து மூலம் வாங்கியாயிற்றா? வாரத்துக்கு ஒரு தடவையாவது அவர் உட்கார்ந்து பேசுவாரா? இவற்றை அவரிடம் கேட்பதைவிடப் பழைய மாணவ மாணவியரிடம் கேட்டால் உண்மை வரும்.

லேசர் ஆய்வுக்கூடமானால் இன்னொரு கேள்வி: புதிதாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி உண்டா? பல லேசர்களின் ஒளி நம் கண்ணுக்கே தெரியாது. ஒரு லேசருக்கு ஏற்ற கண்ணாடி இன்னொன்றுக்கு உதவாது. வளையல், மோதிரம், கைக்கடிகாரத்தில் பட்டு ஒளி திரும்பிக் கண்ணில் பாயலாம். "லேபுக்குள்ளே போறச்சே வளையலைக் கழற்றி வைம்மா" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். திருவிழாக் கடைகளில் விற்கும் லேசர் விளக்குகளைச் சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஆராய்ச்சியில் மாதக் கணக்கில் ஒன்றுமே சரியாக வராது, அது சோம்பேறித்தனமில்லை. "எப்போ முடிப்பே?" என்று தினமும் கேட்பதற்குப் பதில், "இன்னிக்கு எது சரியா வரலை?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்வது பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்டபடியே சூடாக இரண்டு தோசை வார்த்துப் போடுங்கள். ஆனால் கைடு ஏசுகிறார், மிரட்டுகிறார், இவள் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறார் என்று அவள் சொன்னால், "பொறுத்துப் போடி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கைடை மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று விசாரிக்கத் துணையாக நில்லுங்கள்.