பழைய ஜீப்பு ஆடம்பரமா?

கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை ஆகிய மலைப்பகுதிகளில் ஓடும் ஜீப்பு வண்டிகளுள் பல, அவற்றை ஓட்டும் இளைஞர்களைவிட வயதில் மூத்தவை. லான்ட் ரோவர், பஜேரோ, லான்ட் குறூசர் எனப் பெயர் எதுவாயினும், வேறெங்கோ யாரோ ஆண்டுபல அனுபவித்துக் கைகழுவிய வண்டியே ஈற்றில் நமது மலைக்கு ஏறுகிறது. மரக்கறி மூடைகளைச் சந்தைக்கு இறக்கவும், மேற்பிரிவு லயத்தில் பிரசவ வேதனையுறும் பெண்ணை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும், ஆசிரியரும் வைத்தியரும் கடமைக்குப் போய்வரவும் அதுவே கதி. அது கராஜில் கிடக்கும் வாரத்தில் கோவா தோட்டத்திலேயே அழுகுகிறது. நோயாளி விடியும்வரை காத்திருக்கிறார். ஆகவே ஜீப்பின் பழுதைப் பற்றி ஓர் அரசியல் வார ஏடு எழுதுவானேன் என எவரும் வியக்க வேண்டியதில்லை.

அரசாங்கத்தின் கணக்கிலோ ஜீப்பு ஓர் ஆடம்பரப் பொருள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், நாட்டிலிருந்த பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி விலையேறின. கதவு திறந்தும் என்ன? எஞ்சினின் கொள்ளளவை வைத்து அறவிடும் தீர்வையையும், அதன்மேல் அடுக்கிய ஏனைய வரிகளையும் தாண்டிப் புதிய வண்டி வாங்கக்கூடியவர் கலஹாவில் எத்தனை பேர்?

பழைய வண்டியை வைத்துக்கொண்டிருப்பவருக்கும் தப்பில்லை. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் அது 360 ரூபாவளவுக்கு ஏறிற்று. பின்னர் இறங்கியும் 300 அளவிலேயே தங்கிவிட்டது. 20,000 ரூபாவுக்கு வந்திறங்கிய 100 டொலர் உதிரிப்பாகம் 30,000 ரூபாவாயிற்று என்பதே இதன் பொருள். 2022 தொடக்கத்தில் நூற்றுக்கு 8 ஆக இருந்த பெறுமதி சேர் வரியும் 2024 சனவரி முதல் 18 ஆயிற்று. போஞ்சியின் விலை இவ்வாறு ஏறி நின்றதா என்று விவசாயியைக் கேட்டுப் பாருங்கள்.

ஆயினும் எல்லாப் பழியையும் அரசாங்கத்தின் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. கராஜுக்குப் போகும் பணத்தில் கணிசமான பங்கு நமது அலட்சியத்தின் விலையேயாகும்.

மலையேறும் வண்டிக்கு முதல் எதிரி வெப்பம். பாரத்துடன் முதலாம் இரண்டாம் கியரில் நெடுநேரம் ஏறுகையில் எஞ்சின் கடுமையாக உழைக்கிறது; வண்டி மெதுவாகச் செல்வதால் ரேடியேற்றரில் மோதும் காற்றோ குறைவு. ஆயிரம் மீற்றர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 97 பாகையளவிலேயே கொதித்துவிடும். உள்ளே அழுத்தத்தைக் காத்து அந்தக் கொதிநிலையை உயர்த்தி வைப்பது ரேடியேற்றரின் மூடி. மூடியின் றப்பர் தேய்ந்தால் நீர் ஆவியாகிப் போகும். நம்மவர் என்ன செய்கின்றனர்? வழியிலுள்ள பீலித் தண்ணீரை அள்ளிக் கொதிக்கும் எஞ்சினில் ஊற்றிவிட்டு மேலே போகின்றனர். குளிர்நீர் பட்ட சூட்டில் இரும்பு வெடிக்கலாம்; அன்று தப்பினாலும், நாளடைவில் துருவும் படிவும் ரேடியேற்றரின் நுண்குழாய்களை அடைத்துவிடும். பிறகு ஒருநாள் ஹெட் கஸ்கட் எரிகிறது. அல்லது சிலிண்டர் ஹெட்டே வளைகிறது. பழைய பஜேரோக்களில் உள்ள 4டி56 டீசல் எஞ்சினுக்கு ஹெட் வெடிப்பது பேர்போன நோய். ஒரு மூடியை மாற்றச் சோம்பியவர், ஹெட்டைக் கழற்றவும் சமப்படுத்தவும் புதிது பூட்டவும் இலட்சக் கணக்கில் எண்ணிக் கொடுக்கிறார்.

அதே எஞ்சினின் டைமிங் பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீற்றருக்குள் மாற்றியாக வேண்டும். அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். மீற்றரைப் பார்த்து மாற்றலாமே என்பீர்கள். மீற்றரைப் பின்னோக்கித் திருப்புவது நம் நாட்டில் ஒரு கைத்தொழிலாகிவிட்டது! பழைய வண்டி வாங்குபவர் மீற்றரை நம்பாது, வாங்கிய வாரத்திலேயே பெல்ட்டை மாற்றிவிடுவது உத்தமம்.

ஏற்றத்தில் பணம் போகிறதென்றால் இறக்கத்தில் உயிரே போகிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்னும் சாதாரண வகை புதிதாக இருக்கையில் 205 பாகை வரையேனும் கொதியாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரமேறிய பின் அவ்வெல்லை 140 பாகையாகக் குறைகிறது. கலஹாவிலிருந்து ஹிந்தகலை வரை பிரேக்கை மிதித்தபடியே இறங்குபவரின் வண்டியில் அந்த எண்ணெய் கொதித்தால், பெடல் தரைவரை போகும்; வண்டி நில்லாது. இரண்டாண்டுக்கு ஒரு தடவை எண்ணெயை மாற்றும் செலவு சொற்பம். ஏறிய கியரிலேயே இறங்குவதற்கோ செலவே இல்லை.

வாங்கும்போது நம்மவர் பூச்சைக் கண்டு மயங்குகின்றனர். மேலே பளபளக்கும் வண்டியின் அடிச்சட்டத்தை ஒரு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் துரு கொட்டும். குளிர்ந்திருக்கும் எஞ்சினைத் தாமே இயக்கிப் பார்த்தல், எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற கசடு இருக்கிறதா எனக் கவனித்தல், நாற்சக்கர இயக்கத்தைச் சேற்றில் போட்டுப் பார்த்தல், அடிச்சட்ட இலக்கத்தைப் புத்தகத்துடன் ஒப்பிடுதல், இவற்றுக்கு அரை நாள் போதும். தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லும் கூலியை மிச்சம் பிடித்தவர், மறுமாதமே லீசிங் தவணையுடன் கராஜ் கணக்கும் சேர்ந்து வர, மனைவியின் நகையை அடகு வைக்கிறார். இன்னொரு விந்தை: சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பலகையை எதிர்த்து 1958இல் நம்மவர் மறியல் செய்து சிறையும் சென்றனர். இன்று அதே பலகையைக் காட்டி, “பழைய அசல் லான்ட் ரோவர்” என்று விலை கூட்டுகின்றனர். காலத்தின் கோலம்!

கராஜ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கைத்திறனில் நமது பகுதிப் பாஸ்மார் எவருக்கும் இளைத்தவர் அல்லர். ஆனால் பற்றுச்சீட்டு எழுதாமையும், கழற்றிய பாகத்தை உரியவரிடம் காட்டாமையும், பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தது புதியதா பழையதா எனச் சொல்லாமையும் அத்திறனுக்கு இழுக்கு. இத்தொழிலை முறையாகப் பயில விரும்பும் தோட்டத்து இளைஞனுக்கு வழியும் ஒடுக்கமானது. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கலஹாவிலிருந்து அது நாள்தோறும் போய்வரும் தூரமன்று.

இனிப் பாதைக்கு வருவோம். எத்தனை கவனமாக ஓட்டினாலும், வில்லையும் புஷ்ஷையும் ஸ்டியரிங் மூட்டுகளையும் உடைப்பது குழிகளே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை இந்தக் கலஹாப் பக்கத்து மலையிலேதான் இருக்கிறது. நாட்டின் தேயிலைத் தொழில் பிறந்த மலையில், லயங்களுக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடுவது யார் கடமை என்பது இன்றும் தீராத வழக்கு. தோட்ட நிருவாகம் பிரதேச சபையைக் காட்டும். சபை தோட்டத்தைக் காட்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது உண்மையே. ஆனால் அப்பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. சட்டம் தடுக்கிறது என்ற சாக்குக்கு இனி இடமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் நிலச்சரிவுகளும் கண்டி மாவட்டத்தைச் சிதைத்த பின்னர் இதைத் தள்ளிப்போடுவது பெருங்குற்றமாகும்.

எனவே நாம் கேட்பவை மூன்று. மலைப்பிரதேசத்தில் உழைப்புக்காக ஓடும் பழைய ஜீப்புகளின் பிரேக், ஸ்டியரிங், குளிரூட்டும் பாகங்களுக்காவது இறக்குமதி வரியைத் தளர்த்துக. தெல்தோட்டையில் தமிழ்மொழி மூலம் மோட்டார்ப் பொறி வகுப்பொன்றைத் தொடங்குக. தோட்டப் பாதைகளுக்கென ஒதுக்கும் பணத்தைப் பாதை வாரியாகப் பெயர் குறித்து வெளியிடுக. மூன்றாவதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை. நமது வாக்குகளைப் பெற்றுச் சபையில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் அடுத்த வரவுசெலவுத் திட்டக் கூட்டத்திலேயே அதைப் பிரேரிக்கலாம்.