மூணாறு போகிறவரை ஓர் இரவு நிறுத்துங்கள்

சனிக்கிழமை காலையில் போடிமெட்டு சோதனைச்சாவடி அருகே நின்று பாருங்கள். முந்தலில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வரும் கார்களும் வேன்களும் வரிசையாகக் கேரளத்துக்குள் போகும். டீ குடிக்கவும் படம் எடுக்கவும் பத்து நிமிடம் நிற்பார்கள். அறை வாடகை, சாப்பாடு, வாங்கும் சாமான் என்று அவர்கள் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் மூணாறில்தான். நம் தோட்டங்களுக்கு நடுவே வந்தும் நம்மிடம் தங்காமல் போகிறார்கள்.

2023 ஜூனில் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. அதே ஆண்டு கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. போடியில் இருந்து தேவாரம், கோம்பை வழியே தெற்கே போனால் திராட்சைப் பந்தல்கள். மேலே ஏறினால் ஏலமும் காப்பியும் மிளகும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாக்காவ் என்ற திராட்சைப் பகுதி உள்ளது. விவசாயி தன் தோட்டத்துத் திராட்சையில் செய்த ஒயினைத் தன் வீட்டிலேயே விற்கலாம் என்று அந்நாட்டில் 1784-ல் பேரரசர் இரண்டாம் ஜோசப் அனுமதி கொடுத்தார். விற்பனை நடக்கும் நாளில் வாசலில் ஊசியிலை மரக்கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்த வழக்கம் இன்றும் உள்ளது. வெளியூர்க்காரர்கள் தேடி வருவது அமைதியான ஊர், ஆறு, விளைவித்தவர் கையால் கிடைக்கும் உணவு இவற்றுக்காகத்தான்.

நமக்கு ஒயின் வேண்டாம். உரிமம் இல்லாமல் அதைத் தயாரித்து விற்பது குற்றம். ஆனால் அங்கே அறுவடை ஆண்டுக்கு ஒருமுறை. கம்பம் பள்ளத்தாக்கிலோ கவாத்து செய்த சுமார் நான்கு மாதத்தில் பழம் வருகிறது. கவாத்து நாள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுவதால், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பந்தலில் குலை தொங்கும்.

கணக்கையும் நேர்மையாகப் பார்ப்போம். பன்னீர் திராட்சை ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் விளையக்கூடியது. ஒரு குடும்பம் 5 கிலோ வாங்கினால், 100 குடும்பங்களுக்கு அரை டன்தான். எனவே வியாபாரியை விட்டுவிட முடியாது. கூடுதல் வருமானம் அறை வாடகையிலும் வீட்டுச் சாப்பாட்டிலும்தான் வரும். வியாபாரி விலையை இறக்கும் வாரத்தில் அந்தப் பணம் கைகொடுக்கும்.

இதில் இறங்குவோர் மூன்று விஷயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

முதலாவது, மருந்து. பந்தலுக்குள் வரும் குழந்தை பழத்தைப் பறித்து அப்படியே வாயில் போடும். மருந்து டப்பாவில் அச்சிட்டுள்ள காத்திருப்புக் காலம் முடியாத பந்தலுக்குள் யாரையும் விடாதீர்கள். ஏலத் தோட்டத்துக்கும் இதே விதிதான்.

இரண்டாவது, காடு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. விருந்தினரை உங்கள் பட்டா நிலத்துக்குள் மட்டும் அழைத்துச் செல்லுங்கள். வனத்துறை அனுமதியின்றி அதற்கு அப்பால் ஓர் அடியும் வேண்டாம்.

மூன்றாவது, அளவு. இருக்கும் வீட்டில் ஒன்றிரண்டு அறைகள் போதும். பந்தலைப் பிரித்துவிட்டு விடுதி கட்டினால், வருகிறவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. நமக்கும் நிலம் இருக்காது. ஒலிபெருக்கியும் பிளாஸ்டிக் குப்பையும் வந்தால் அமைதி போய்விடும். நாம் விற்பதே அந்த அமைதியைத்தான்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தாறு விவசாயிகளைச் சேர்த்து, எந்த வாரம் யார் தோட்டத்தில் பழம் இருக்கும் என்று ஓர் அட்டவணை தயாரித்துக் கொடுங்கள். அறை வாடகைக்கு விட உள்ளாட்சியிலும் சுற்றுலாத் துறையிலும் என்ன அனுமதி தேவை, உணவு கொடுக்க உணவுப் பாதுகாப்புத் துறையில் எப்படிப் பதிவது என்பதைக் கூடவே இருந்து முடித்துத் தாருங்கள்.

விவசாயிகளே, அறைக்கு வெள்ளையடிப்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தப் பந்தலுக்கு என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்று எழுதத் தொடங்குங்கள். முதல் விருந்தினர் வருவதற்குள் அது பழகிவிட வேண்டும்.